தண்டவாளம் எட்டாத கரையிலிருந்து

கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல், இரண்டுக்கும் நடுவே வீட்டுக்கு வீடு முட்டுமளவு நெருக்கமாய் அமைந்த ஊர் சாய்ந்தமருது. வடக்கே கல்முனை. தெற்கே மாளிகைக்காட்டைக் கடந்தால், விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டிலே பிறந்த காரைதீவு. கொழும்பிலே புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று என நாட்டின் தென்பாதியை வளைத்து வரும் ஏ-4 நெடுஞ்சாலை இவ்வூரின் நடுவே ஓடி மட்டக்களப்பை நோக்கிச் செல்கிறது. வைகறையிலே பள்ளிவாசல்களின் பாங்கோசை எழும். பின்னர் கரைவலை இழுப்போரின் குரல். மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்களின் ஓசை. பகல் முழுவதும் பஸ்வண்டிகளின் இரைச்சல். இத்தனை ஓசை நிறைந்த ஊரிலே ஒருபோதும் கேளாத ஓசை ஒன்று உண்டு. அது கோச்சியின் ஊதல்.

புகையிரதம் என்பது பாடப்புத்தகத்துச் சொல்; கோச்சி என்பது ஊர்ச்சொல். புகையும் போய் இரதமும் போய் நெடுங்காலமாகிவிட்ட இந்நாளில் ஊர்ச்சொல்லே பொருத்தமானது என்பது நம் கட்சி.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27 ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடிற்று. 1867 இலே கண்டி, 1905 இலே காங்கேசன்துறை, 1914 இலே தலைமன்னார், 1924 இலே பதுளை, 1927 இலே திருகோணமலை என்று தண்டவாளம் நாட்டின் மூலைகளைத் தேடித் தேடிச் சென்றது. மட்டக்களப்புக்கு அது வந்து சேர்ந்த ஆண்டு 1928. வந்த இடத்தில் நின்றது நின்றதுதான். அங்கிருந்து தெற்கே சாய்ந்தமருதுக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒரு நூற்றாண்டு முடியப் போகிறது. அந்த 40 கிலோமீற்றர் இன்னும் மீதியாய் இருக்கிறது.

ஆகவே, இக்கரையோரத்துக்குக் கொழும்பு என்றால் இராப் பஸ்தான். வைத்தியசாலைக்குப் போகும் நோயாளியும், வெளிநாடு செல்லும் பிள்ளையை வழியனுப்பும் பெற்றோரும், பரீட்சைக்குப் போகும் மாணவரும் இரவு முழுவதும் ஆசனத்தில் குலுங்கியபடியே செல்கின்றனர். கோச்சியில் ஒரு முறையேனும் ஏறாதவர் இங்கே எத்தனையோ பேர். இப்படிப்பட்ட ஊரிலே, கோச்சியை நேரிற் காணாமலே அதன்மேற் பித்துக்கொண்ட ஒரு சிறுவனை நாம் சந்தித்தோம்.

ஊர்ப் பாடசாலையொன்றில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சிக்கு நடுவராக நம்மை அழைத்திருந்தார்கள். எரிமலைகளும் காற்றாடி மின்சாரமும் வரிசையாய் நின்ற மண்டபத்தின் ஒரு மூலையிலே, நீண்ட பலகையொன்றின் மீது ஒரு முழுப் புகையிரதப் பாதை அமைந்திருந்தது. குடைக்கம்பிகளே தண்டவாளம். ஐஸ்பழக் குச்சிகளே சிலிப்பர் கட்டைகள். வெறும் செமன் ரின்களை வெட்டித் தட்டிச் செய்த ஐந்து பெட்டிகள். சக்கரமோ சோடாப் போத்தல் மூடி. பெட்டிகளின் நிறமும் யன்னல்களின் வடிவும் சுவிற்சர்லாந்து வண்டிகளைப் போலிருந்தன. படத்தைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னான். வயது 14. வாப்பா மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் திருத்துபவர். அவருடைய குறடும் தகரக் கத்தரிக்கோலுமே மகனுடைய ஆயுதங்கள்.

"நேரே ஓடுது சேர். வளைவில மட்டும் விழுந்திருது. ஏன் சேர்?" என்றான்.

கேள்வி நல்ல கேள்வி. படித்த பலரும், சக்கரத்தின் உட்புறத்து விளிம்புதான் வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்கிறது என்று எண்ணுகின்றனர். விளிம்பு கடைசிக் காவல் மாத்திரமே. உண்மையான வழிகாட்டி சக்கரத்தின் சரிவு. புகையிரதச் சக்கரத்தின் ஓடும் பரப்பு தட்டையன்று. உட்பக்கம் சற்றுப் பெருத்து வெளிப்பக்கம் சிறுத்துச் செல்வது. 20 க்கு 1 என்ற சரிவு பிரித்தானியரின் பழைய வழக்கம். இரு சக்கரங்களும் ஓர் அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. வளைவிலே வண்டி வெளிப்புறம் ஒதுங்கும்போது, வெளிச்சக்கரம் தன் பெருத்த பாகத்திலும் உட்சக்கரம் தன் சிறுத்த பாகத்திலும் உருளும். ஒரே சுற்றில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போகும். அச்சு தானாகவே திரும்பும். நாம் தேநீர்க் கோப்பைகள் இரண்டை வாங்கி, வாயோடு வாய் வைத்து ஒட்டி, சரிவாக வைத்த இரண்டு தடிகளின்மேல் உருட்டிக் காட்டினோம். கோணலாக விட்டாலும் கோப்பைகள் ஆடி அசைந்து நடுவுக்கே வந்து சேர்ந்தன. அதன்பின் அடியோடு அடி ஒட்டி உருட்டினோம். ஒரு முழம் போகுமுன் விழுந்துவிட்டன. சிறுவன் மூன்று முறை தானே உருட்டிப் பார்த்துவிட்டுச் சோடா மூடிகளைக் கழற்றத் தொடங்கினான். பரிசளிப்புக்கு அவனை அழைத்தபோது மேடைக்கு வந்தது வண்டியில்லாத தண்டவாளம்!

சிறு உருவிலே புகையிரதம் செய்து மகிழ்வது ஐரோப்பாவிலே பிள்ளை விளையாட்டு மட்டுமன்று. வளர்ந்தோரின் கலையும் பெரிய கைத்தொழிலுமாம். ஜேர்மனியின் கொப்பிங்கன் நகரில் 1859 இலே பொம்மை வீட்டுக்குத் தகரச் சாமான் செய்யத் தொடங்கிய மார்க்லின் குடும்பத்தார், 1891 இலே லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்து ஓடும் வண்டியொன்றைத் தண்டவாளத்துடன் வைத்தனர். தண்டவாளத்துக்கு அவர்கள் குறித்த அகலங்களை வகுத்ததே அதன் புதுமை. இவ்வாண்டு வாங்கிய வளைவு அடுத்த ஆண்டு வாங்கும் வண்டிக்கும் பொருந்தும். இங்கிலாந்திலே பிராங் ஹோர்ன்பி 1920 இலே சாவி வண்டிகளை வெளியிட்டார். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய அளவு 87 க்கு 1 என்பது. ஐரோப்பிய வண்டிப்பாதையின் அகலம் 1,435 மில்லிமீற்றர். அதனை 87 ஆற் பிரித்தால் பதினாறரை மில்லிமீற்றர். கடையிலே விற்கும் சிறு தண்டவாளம் அந்த அகலமே.

இக்கணக்கைச் சிறுவனுக்குச் சொன்னபோது அவன் உடனே நம் நாட்டுப் பாதையின் அகலத்தைக் கேட்டான். ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீற்றர். அவனே வகுத்தான்: பத்தொன்பதேகால். ஆகவே, நம் நாட்டுக் கோச்சியை அளவு தவறாமற் செய்ய விரும்புவோர் ஐரோப்பியக் கடைத் தண்டவாளத்தை வாங்கிப் பயனில்லை. தாமே செய்தாக வேண்டும். குடைக்கம்பி வறுமையின் அடையாளம் என்று எண்ணியிருந்த அவனுக்கு இது எத்தனை பெருமையாக இருந்தது என்பதை முகத்திலே கண்டோம்.

ஹம்பேர்க் துறைமுகத்தின் பழைய பண்டகசாலையொன்றிலே 2001 இல் திறக்கப்பட்ட சிற்றுருவ உலகை நாம் பார்த்திருக்கிறோம். பிரவுன் என்னும் இரட்டைச் சகோதரர் தொடங்கியது. அவர்களுள் ஒருவர் 2000 ஆம் ஆண்டில் சூரிச் நகரிலே சிறு புகையிரதக் கடையொன்றைக் கண்டு, தம் பிள்ளைப் பருவத்து ஆசை மீள, அன்றே சகோதரருக்குத் தொலைபேசியில் யோசனையைச் சொன்னாராம். அங்கே அமைந்த தண்டவாளம் மொத்தம் 16 கிலோமீற்றருக்கு மேல். 87 ஆற் பெருக்கிப் பார்த்தால், நம் நாட்டிலுள்ள புகையிரதப் பாதை முழுமைக்கும் ஏறக்குறையச் சமமாகும்! ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள். மண்டபத்திலே கால் மணிக்கொரு தரம் பொழுது சாய்ந்து இருள் வர, இலட்சக்கணக்கான சிறு விளக்குகள் எரிகின்றன. இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது சுவிற்சர்லாந்தின் மாற்றர்ஹோர்ண் மலை. எதிரே நின்றவர்களிற் பெரும்பாலோர் நரைத்த தலையினர். பிள்ளைகள் வண்டியைப் பார்த்தனர். முதியோரோ வண்டி சுரங்கத்தினுள் நுழைந்து மறுபுறம் வெளிவரும்வரை மூச்சையடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அந்தச் சிறு மலையைப் பார்த்துப் பெரிய மலைக்குப் போகும் ஆவல் எழாதிருக்குமா? நம் தமையனார் குடும்பம் பேர்ண் நகரிலே வாழ்கிறது. அவர்கள் வீட்டில் தங்கியிருந்த மூன்று கிழமையிலே, சாப்பாட்டு நேரம் போக எஞ்சிய பொழுதைப் பெரும்பாலும் வண்டியிலேயே கழித்தோம் என்றால் மிகையன்று. "ஊர் பார்க்க வந்தாயா, ரெயில் பார்க்க வந்தாயா?" என்று மச்சாள் கேட்டதும் உண்டு.

அங்கே நம் நெஞ்சை அள்ளியது கொத்தார்ட் மலைப்பாதை. 1882 இலே திறந்தது. 15 கிலோமீற்றர் சுரங்கத்தைத் தோண்டும் பொறுப்பேற்ற லூயி பாவ்ர் என்பவர், வேலை முடியுமுன் 1879 இலே அச்சுரங்கத்தினுள்ளேயே உயிர் நீத்தார். வடபுறத்து ஏற்றத்திலே வாசென் என்றொரு சிற்றூர்; ஊரின் மேட்டிலே வெள்ளைத் தேவாலயம். வண்டி மேலேறும்போது முதலில் அத்தேவாலயம் தலைக்குமேல் தெரிகிறது. வண்டி சுரங்கத்தில் நுழைந்து வளைந்து வெளிவந்தால் தேவாலயம் நேரே நிற்கிறது. மீண்டும் ஒரு வளைவு. இப்போது தேவாலயம் காலடியிலே! மலைச்சரிவிலே நேராக ஏற முடியாத வண்டி, மலையின் வயிற்றினுள்ளே வட்டமடித்து உயரம் சேர்க்கிறது. 2016 இலே 57 கிலோமீற்றர் நீளமான அடிமலைச் சுரங்கம் திறந்தபின் விரைவு வண்டிகள் அதனூடே இருளிற் பாய்ந்து போகின்றன. அவசரமில்லாதவருக்குப் பழைய பாதையில் வண்டி இன்னும் உண்டு. நாம் அவசரமில்லாதவர் பக்கம்.

அங்கே நிற்கையிலே நமக்குத் தெமோதரையின் நினைவு வந்தது. மாணவப் பருவத்திலே பதுளைக்குப் போகும்போது, தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்பட்ட கோச்சி, குன்றைச் சுற்றி இறங்கி, புறப்பட்ட நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தினுள் நுழைந்ததைக் கண்டு கைகொட்டியிருக்கிறோம். எல்லவுக்கு அண்மையில் 1921 இலே முடிந்த ஒன்பது வளைவுப் பாலமும் அதே பாதையில் உள்ளதுதான். 2025 நவம்பரில் வந்த டித்வாப் புயல் அம்மலைப்பாதையைப் பல இடங்களிலே சிதைத்த செய்தி கேட்டபோது, உறவினர் ஒருவர் நோயுற்றது போல மனம் வருந்தியது. அழகிலே தெமோதரை வாசெனுக்கு எள்ளளவும் குறைந்ததன்று என்பதை நாம் இரண்டையும் கண்டபின்பே சொல்கிறோம்.

வேறுபாடு மலையிலன்று, மணிக்கூட்டிலே உள்ளது. சுவிற்சர்லாந்து நிலையங்களில் தொங்கும் மணிக்கூட்டை 1944 இலே வகுத்தவர் ஹான்ஸ் ஹில்பிக்கர் என்னும் பொறியியலாளர். பின்னர் அதிலே சிவப்பு வினாடி முள் சேர்ந்தது. நிலைய அதிபர் கையில் ஏந்தும் சைகைத் தட்டின் வடிவம் அது. அம்முள் ஏறத்தாழ ஐம்பத்தெட்டரை வினாடியில் வட்டத்தை முடித்துவிட்டு உச்சியிலே சற்று நிற்கிறது. நிமிட முள் ஒரு துள்ளுத் துள்ளியதும் மறுபடி ஓடுகிறது. அந்தச் சிறு தரிப்பைப் பார்ப்பதற்கென்றே நாம் மேடையில் நின்றதுண்டு. 1982 மே மாதத்திலிருந்து அந்நாட்டில் மணிக்கொரு வண்டி என்ற ஒழுங்கு நடைமுறையில் உள்ளது. சந்திப்பு நிலையங்களிலே நாற்றிசை வண்டிகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்து, பயணிகள் மாறி ஏறச் சில நிமிடம் நின்று, பின்னர் பிரிந்து போகின்றன.

இவ்வொழுங்கு தண்டவாளத்தோடு முடிவதில்லை என்பதை மைரிங்கன் என்னும் சிறு பட்டினத்திலே கண்டோம். வண்டியிலிருந்து இறங்கினால், நிலையத்தின் வாசலிலே மஞ்சள் நிறத் தபால் பஸ் நிற்கிறது. 1906 இலே மோட்டார் வண்டியாகத் தொடங்கிய சேவை. மலைச் சாலை வளைவுகளிலே அது எழுப்பும் மூன்று சுர ஒலி, ரொசினி என்னும் இத்தாலிய இசைமேதையின் "வில்லியம் டெல்" நாடக முன்னிசையிலிருந்து எடுத்தது. இறங்கியவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். ஒரு மூதாட்டி கைத்தடியுடன் மெல்ல நடந்து வந்தார். சாரதி அவர் ஏறி அமரும்வரை காத்திருந்தே புறப்பட்டார். மேலேயுள்ள மலைக் கிராமத்துக்குத் தண்டவாளம் இல்லை, எந்நாளும் வரப்போவதுமில்லை. ஆயினும் அக்கிராமத்தவர் தம்மைப் புகையிரதம் இல்லாத ஊரவர் என்று எண்ணுவதேயில்லை. "இங்கே பஸ்ஸுக்கு ரெயிலின் நேரம் தெரியும், ரெயிலுக்குப் பஸ்ஸின் நேரம் தெரியும்" என்றார் தமையனார்.

ஊருக்குத் திரும்பிய பின், அச்சிறுவனையும் அவன் வாப்பாவையும் அழைத்துக்கொண்டு பொலன்னறுவைக்கு ஒரு கோச்சிப் பயணம் போவதென்று தீர்மானித்தோம். வாப்பா தம் வாழ்நாளில் இரு தடவை போயிருக்கிறார்; மகன் ஒரு தடவையும் இல்லை. இருட்டோடு பஸ் ஏறினோம். பாண்டிருப்பு, மருதமுனை, கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வர, கல்லடியிலே வாவியைக் கடந்தோம். பழைய லேடி மானிங் இரும்புப் பாலம் பக்கத்திலே ஓய்வு பெற்று நிற்கிறது. பஸ் போவது 2013 இலே திறந்த புதுப் பாலத்தின்மேல்.

மட்டக்களப்பு நிலையத்தில் சிறுவன் செய்த முதல் வேலை, வாப்பாவின் அளவுநாடாவை எடுத்ததுதான். மேடை ஓரத்திலிருந்த ஊழியர் ஒருவர் முதலில் அதட்டினார். விடயம் அறிந்ததும் சிரித்துவிட்டு, வண்டி வராத பக்கத்துத் தடத்திலே தாமே நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். ஐந்தடி ஆறங்குலம். சிறுவன் குறிப்புப் புத்தகத்திலே எழுதிக்கொண்டான்.

ஐரோப்பிய வண்டியைக் காண ஐரோப்பாவுக்குப் போகத்தான் வேண்டுமா என்று அவனைக் கேட்டோம். நம் நாட்டுப் பாதைகளில் ஓடிய, ஓடும் இயந்திரங்களிலே இங்கிலாந்தின் பிரஷ், ஜேர்மனியின் ஹென்ஷல், பிரான்சின் அல்ஸ்தோம் ஆகிய பட்டறைகளின் பெயர்கள் உண்டு; ருமேனியாவிலிருந்து வந்த பெட்டிகளும் உண்டு. அன்று வழியிலே அவற்றையெல்லாம் விடப் பழைய ஐரோப்பியப் பொருளொன்றையும் கண்டோம். ஒற்றைத் தடப் பாதையிலே எதிரெதிராக இரு வண்டிகள் வந்துவிடாதிருக்க, ஒரு பகுதிக்கு ஒரு வில்லை என்று வைத்து, அவ்வில்லையைக் கையிலே பெற்ற சாரதி மாத்திரமே அப்பகுதியில் நுழையலாம் என்பது விதி. வில்லையைக் காக்கும் பொறிகள் இரு நிலையத்திலும் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒன்று வெளியே இருக்கும்வரை மற்றொன்றை எடுக்க முடியாது. 1874 இலே இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதிய பெருவிபத்தின் பின், எட்வேர்ட் டயர் என்பவர் 1878 இலே உரிமம் பெற்ற ஏற்பாடு இது. பெரிய பிரம்பு வளையமொன்றிலே தோற்பையில் வில்லை தொங்க, ஓடும் வண்டியிலிருந்து ஒருவர் வளையத்தை எறிய, மற்றொன்றைக் கையிலே கோத்துக்கொள்வதைக் கண்ட சிறுவன், "வளையம் இல்லாட்டிப் போகவே ஏலாதா சேர்?" என்று கேட்டான். போகவே ஏலாது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய யோசனை. கணினியும் செய்மதியும் வந்த காலத்திலும் எத்தனை பேரின் உயிரைக் காத்து நிற்கிறது!

வாழைச்சேனையைக் கடந்ததும் ஓட்டமாவடிப் பாலம். ஒரு காலத்தில் இதன்மீது கோச்சியும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஒரே பாதையிலே போயின. கோச்சி வந்தால் படலையைச் சாத்துவார்கள், மற்றையவை காத்திருக்கும். மகாவலியின் குறுக்கே நிற்கும் மனம்பிட்டிப் பாலமும் அத்தகையதே. 2007 இலே பக்கத்தில் வீதிக்கென வேறு பாலம் அமைந்தது. வாப்பா யன்னலோரம் எழுந்து நின்று, தாம் இளம்பிராயத்தில் பஸ்ஸிலே வந்தபோது இப்பாலத்தில் கோச்சிக்காகக் காத்திருந்த கதையைச் சொன்னார். கோச்சியையும் பஸ்ஸையும் ஒன்றுக்கொன்று காத்திருக்கச் செய்தது அக்காலத்தில் ஒரு பாலம்! இறால் வடைக்காரர் வந்தார், கச்சான்காரர் வந்தார். புணாணைக் காடு வந்ததும் பேச்சு யானைக்குத் திரும்பிற்று. 2025 பெப்ரவரியிலே ஹபரணைக்கு அருகே இப்பாதையின் கோச்சி மோதி ஆறு யானைகள் இறந்த செய்தியைப் பக்கத்து ஆசனத்துப் பெரியவர் சொல்ல, பெட்டியே சற்று நேரம் அமைதியாயிற்று.

பொலன்னறுவையிலே பராக்கிரம சமுத்திரத்தையும் சோழர் காலத்துச் சிவன் கோயிலையும் பார்த்துவிட்டு மாலைக் கோச்சியில் மட்டக்களப்புக்குத் திரும்பினோம். அங்கேதான் மைரிங்கன் நம் நினைவுக்கு வந்தது. நிலையத்தின் வாசலிலே முச்சக்கரவண்டிகள் நின்றன, பஸ் இல்லை. பஸ் நிலையம் வேறிடத்தில். அங்கே போய்ச் சேர்ந்தால் கல்முனைப் பஸ் சிறிது நேரத்துக்கு முன்னர் புறப்பட்டிருந்தது. கோச்சியும் தன் நேரத்துக்கே வந்தது. பஸ்ஸும் தன் நேரத்துக்கே போயிற்று. எவர்மீதும் குற்றம் இல்லை. இரண்டுக்கும் அறிமுகம் இல்லை, அவ்வளவே. அடுத்த பஸ்ஸுக்கு நின்ற நேரத்திலே கணக்கிட்டுப் பார்த்தோம்: பொலன்னறுவையிலிருந்து கோச்சியில் வந்த நேரத்தின் பாதி, இந்நாற்பது கிலோமீற்றருக்குக் காத்திருப்பதிலேயே கழிந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர் கோச்சியில் வரும் ஒருவருக்கு, கைக்குழந்தையோடு வரும் ஒரு தாய்க்கு, இந்தக் கடைசித் துண்டுதான் மலை. ஆகையாலேயே அவர்கள் இராப் பஸ்ஸை நாடுகிறார்கள்.

மட்டக்களப்புப் பாதையைக் கல்முனை வழியே பொத்துவில் வரை நீட்ட வேண்டும் என்ற பேச்சு இக்கரையிலே அவ்வப்போது எழுவதுண்டு. நீட்ட முடியாததன்று. தெற்கே மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை 26 கிலோமீற்றர் புதுப் பாதை 2019 இலே திறந்திருக்கிறதே. ஆனால் எவ்வழியால் வருவது? நெடுஞ்சாலையோரம் இடமில்லை, வீடுகள். கடற்கரையோரம் போடலாமே என்று நாம் சும்மா சொன்னோம்.

"கரையால வேணாம் சேர். வயலுக்கு அங்கால போடட்டும்" என்றார் வாப்பா.

அவருடைய வீடு 2004 இலே கடலிலிருந்து இரண்டாம் வரிசை. டிசம்பர் 26 காலை அவருடைய உம்மாவும் ராத்தாவும் போயினர். அதே காலையிலே, நாட்டின் மறுகரையில் பெரேலியவிலே, கடலோரப் பாதையில் நின்ற கோச்சியைக் கடல் புரட்டிப் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அலை கண்டு வெளியே இருந்தவர்களும் பாதுகாப்பென்று நம்பி அதே பெட்டிகளில் ஏறினர். உலகப் புகையிரத வரலாற்றிலே அதனினும் பெரிய விபத்து இல்லை. அந்த வண்டியை இழுத்த 591 ஆம் இலக்கக் கனேடிய இயந்திரம் திருத்தப்பட்டு மீண்டும் சேவைக்கு வந்தது. சாய்ந்தமருதின் கரையிலே அன்று கோச்சியில்லை, வீடுகள் இருந்தன. இவ்வூரவரிடம் பாதையின் திசையைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்குத் தெரியும்.

வயலுக்கு அப்பால் போடுவதென்றாலும் இலேசன்று. கார்த்திகை, மார்கழி மழையிலே மேற்குப் புறம் முழுவதும் வெள்ளக்காடு. வெறும் மண் அணை கட்டித் தண்டவாளம் போட்டால், அவ்வணையே வெள்ளத்தை மறித்து ஊருக்கும் வயலுக்கும் கேடு செய்யும். நூறு கஜத்துக்கொரு மதகும் சிறு பாலங்களும் வேண்டும். அதற்குப் பணமும் காலமும் வேண்டும். பாதை வரட்டும், வரவேண்டும் என்பதே நம் விருப்பமும். அதுவரை, கோச்சி வந்து நிற்கும்போது நிலைய வாசலிலே கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று பெயர் எழுதிய பஸ் ஒன்று காத்து நிற்பதற்குச் சிலிப்பர் கட்டை ஒன்றும் தேவையில்லை. காலையில் அவ்வாறே கோச்சிக்கு முந்திக் கொண்டுபோய் விடவும், கல்முனைப் பஸ் நிலையத்தில் கோச்சி நேரங்களை எழுதிய பலகை ஒன்று தொங்கவும் செய்தால், பாதி வேலை முடிந்தது. மஞ்சள் நிறமும் ரொசினியின் இசையும் நாம் கேட்கவில்லை.

சிறுவனின் வண்டிக்கு இப்போது சரிவான சக்கரம். வாப்பா தமக்குத் தெரிந்த கடைசற் பட்டறையிலே அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார். வளைவிலே விழுவதில்லை. சென்ற கிழமை போனபோது, புதிய கணக்கொன்றைக் காட்டினான்: மட்டக்களப்பிலிருந்து தன் ஊர்வரையுள்ள 40 கிலோமீற்றரை 87 ஆற் பிரித்தால் 460 மீற்றர். பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு நடக்கும் தூரத்துக்குள் அது அடங்கிவிடும். அதற்கு எத்தனை குடைக்கம்பி வேண்டும் என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறான். அக்கம்பக்கத்து வீடுகளிலே பழைய குடை மீதியில்லை என்று கேள்வி.